நாலு நூல் போல்ட் ஏன் நாலு நூல் துளைக்குள் போகவில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. கராஜ், லேத் பட்டறை, மில் வைத்திருப்பவர்களும், அங்கே வேலை பழகும் பிள்ளைகளின் பெற்றோரும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு இது ஒரு வரலாற்றுக் கதை. அவர்களுக்கோ இது சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விடயம்.

கடந்த வருடம் யல போக அறுவடை முடிந்த நேரம். என்னிடம் படித்து, சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய ஒரு மாணவன் கராஜ் ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தான். ஒரு நெல் மில்லில் இருந்த பழைய இங்கிலாந்து டீசல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலை அவர்களுக்கு வந்தது. பூட்டும்போது ஒரு போல்ட் குறைந்தது. அளந்து பார்த்திருக்கிறான், அரை அங்குலம். ஹார்ட்வெயார் கடைக்கு ஓடிப்போய் "நாலு நூல் போல்ட் ஒண்டு" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறான். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். நாலு நூல் என்றால் அரை அங்குலம். அவன் கேட்டதில் பிழையில்லை. கடைக்காரர் கொடுத்ததிலும் பிழையில்லை.

போல்ட் கையால் இரண்டு மூன்று சுற்றுப் போனது. பிறகு இறுகியது. ஸ்பானர் போட்டான். இன்னும் இறுகியது. ஸ்பானரில் ஒரு பைப் துண்டை மாட்டி இழுத்தான். சட்டென்று இலேசாகச் சுற்றத் தொடங்கியது. அப்போது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில் இருந்த புரி முழுதும் தூளாகி வெளியே வந்துவிட்டது.

முதலாளி இரண்டு கிழமைச் சம்பளத்தை வெட்டினார். பின்னேரம் என் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி இதுதான்:

"சேர், அரை இஞ்சி எண்டா அரை இஞ்சிதானே? நான் செஞ்ச பிழை என்ன?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் நுண்மானித் திருகுக் கணிச்சியின் புரியிடைத் தூரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். வகுப்பில் அதைப் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் மில்லில் கிடந்த ஒரு போல்ட்டைப் பற்றி என்னால் பேச முடியவில்லை. அன்றிரவு தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னை 1841ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோனது.

*

முதலில் ஒரு சின்ன விளக்கம். போல்ட்டின் உடலில் சுற்றிச் சுற்றிப் போகும் வரம்பைப் பாடப்புத்தகத்தில் 'புரி' என்கிறோம். கராஜில் 'த்ரெட்' என்பார்கள். ஒரு புரியை முழுமையாகச் சொல்ல ஐந்து விடயங்கள் வேண்டும். வெளி விட்டம் எவ்வளவு? ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில் எவ்வளவு தூரம்? புரியின் சரிவுகள் இரண்டும் சேரும் கோணம் எத்தனை பாகை? அதன் மேடும் பள்ளமும் தட்டையா, உருண்டையா? அது வலப்புறம் சுற்றுகிறதா, இடப்புறம் சுற்றுகிறதா?

'நாலு நூல்' என்பது இந்த ஐந்தில் முதலாவதுக்கு மட்டும் பதில். மற்ற நான்கும் சொல்லப்படாமலே இருக்கின்றன. அந்த நான்குக்கும் உள்ளே இருநூறு வருடக் கதை கிடக்கிறது.

*

ஒரு காலத்தில் இப்படி எந்த அளவுக்கும் பொது ஏற்பாடு இருக்கவில்லை. இங்கிலாந்தில் இயந்திரங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த மாதிரிப் புரி வெட்டியது. ஒரு போல்ட்டையும் அதன் நட்டையும் சோடியாகவே செய்வார்கள். கழற்றும்போது அவற்றில் அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறிப்போனால் பிறகு பூட்ட முடியாது.

இதை மாற்றிய முதல் ஆட்களில் ஒருவர் ஹென்றி மோட்ஸ்லி. 1771இல் வூல்விச்சில் பிறந்தவர். 1800ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த லேத் இயந்திரம், ஒரே மாதிரியான புரியைத் திரும்பத் திரும்பத் துல்லியமாக வெட்டியது. அவருடைய பட்டறைக்குள் போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியதாக வந்தன. ஆனால் பட்டறைக்கு வெளியே பழைய கதைதான்.

அந்தப் பட்டறையில் வேலை பழகிய ஒருவர்தான் ஜோசப் விட்வர்த். 1803இல் ஸ்டொக்போர்ட்டில் பிறந்தவர். 1833இல் மென்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1841இல் இலண்டனில் சிவில் பொறியியலாளர் நிறுவனத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். நாடு முழுவதற்கும் ஒரே புரி முறை வேண்டும் என்பதே அதன் சாரம்.

இங்கே நான் மிகவும் மதிக்கும் விடயம் அவருடைய வழிமுறை. 'என் பட்டறைப் புரிதான் சிறந்தது, எல்லோரும் இதற்கு மாறுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றையும் அளந்தார். எல்லாவற்றுக்கும் நடுவாக வரும் அளவுகளை எடுத்து ஓர் அட்டவணை போட்டார். கோணம் 55 பாகை. மேடும் பள்ளமும் உருண்டை. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 புரி. அரை அங்குலத்துக்கு 12. ஓர் அங்குலத்துக்கு 8.

நடுவில் நிற்கும் அளவு என்பதால் எவருக்கும் பெரிய நட்டமில்லை. அட்டவணை வெளிப்படையாக எல்லோர் முன்னும் வைக்கப்பட்டதால் எவரும் அதைப் பார்த்து வெட்டலாம். கிரிமியா யுத்த காலத்தில், 1850களின் நடுப்பகுதியில், பிரித்தானியக் கடற்படைக்கு அவசரமாகப் பல பீரங்கிப் படகுகள் தேவைப்பட்டன. எஞ்சின் பாகங்களை வேறு வேறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, கடைசியில் ஒன்றாகப் பூட்ட முடிந்ததற்கு இந்தப் பொது அட்டவணையும் ஒரு காரணம். விட்வர்த் பிறகு பெரும் செல்வந்தரானார். 1868இல் இளம் பொறியியல் மாணவர்களுக்காகப் புலமைப்பரிசில் ஒன்றையும் ஏற்படுத்தினார். அது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

*

அடுத்தது அமெரிக்கா. 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் என்ற இயந்திர உற்பத்தியாளர் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்காவுக்கும் பொதுப் புரி வேண்டும். ஆனால் விட்வர்த்தின் புரி வேண்டாம் என்பது அவருடைய வாதம்.

அதற்கு அவர் சொன்ன காரணங்கள் தேசப்பற்று சார்ந்தவை அல்ல, முழுக்கப் பட்டறை சார்ந்தவை. 55 பாகையைச் சரியாக வெட்டுவதும் சரிபார்ப்பதும் கஷ்டம். 60 பாகை என்றால் சமபக்க முக்கோணம். கவராயம் பிடிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வரைந்துவிடும். மேட்டையும் பள்ளத்தையும் உருட்டி எடுக்கத் தனித்தனி வெட்டுக் கருவிகள் வேண்டும். தட்டையாக விட்டால் ஒரே கருவி போதும். சாதாரணப் பட்டறையில் சாதாரண மெக்கானிக் செய்யக்கூடிய புரி எதுவோ, அதுவே நாட்டுக்குப் பொருத்தமான புரி என்றார்.

1868இல் அமெரிக்கக் கடற்படை இதை ஏற்றது. ரயில் கம்பனிகள் பின்தொடர்ந்தன. பெரும்பாலான அளவுகளில் அங்குலத்துக்கான புரி எண்ணிக்கை விட்வர்த்தின் எண்ணிக்கையேதான். கால் அங்குலத்துக்கு இங்கும் 20. ஓர் அங்குலத்துக்கு இங்கும் 8. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் செல்லர்ஸ் மாற்றினார்.

அரை அங்குலத்துக்கு 12 அல்ல, 13.

என் மாணவனின் இரண்டு கிழமைச் சம்பளம் இந்த இடத்தில்தான் போனது. மில் எஞ்சினின் துளையில் இருந்தது விட்வர்த்தின் 12. ஹார்ட்வெயார் கடை போல்ட்டில் இருந்தது செல்லர்ஸின் 13. கணக்கைப் பாருங்கள். அரை அங்குல ஆழத்தில் துளைக்குள் 6 புரி. போல்ட்டில் 6½ புரி. பள்ளத்தில் உட்கார வேண்டிய மேடு, இன்னொரு மேட்டின் மேல் ஏறி நிற்கும். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிறகு இறுகும். அதற்குமேல் பைப் மாட்டி இழுத்தால் ஏதோ ஒன்று உடைந்தே ஆக வேண்டும்.

*

'ஒரு போல்ட்தானே' என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சம்பவம்.

1904 பெப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரின் வர்த்தகப் பகுதியில் தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா என்று பல நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் உதவிக்கு வந்தன. ஆட்கள் இருந்தார்கள். குழாய்கள் இருந்தன. வீதியில் தண்ணீரும் இருந்தது. ஆனால் வந்தவர்களில் பலருடைய குழாய்களின் புரி, பால்டிமோர் நகரின் நீர்க்குழாய் வாய்களின் புரியோடு பொருந்தவில்லை. மறுநாள் வரை, 30 மணித்தியாலங்களுக்கு மேல் எரிந்த அந்தத் தீயில் 1,500க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. பிறகு ஆராய்ந்தபோது அந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட வகையான குழாய் இணைப்புகள் பாவனையில் இருந்தது தெரியவந்தது.

அதே பிரச்சினை உலக யுத்தங்களில் நாடுகளுக்கு இடையில் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஒரே பக்கம். ஆனால் ஒருவருடைய போல்ட் மற்றவருடைய நட்டுக்குள் போகாது. ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் விமான எஞ்சினை டெட்ரொயிட்டில் இருந்த பெக்கார்ட் கார் கம்பனியிடம் செய்யக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் பிரித்தானியப் புரி வெட்டும் கருவிகளே கிடைக்கவில்லை. கடைசியில் பெக்கார்ட் அந்தக் கருவிகளையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. யுத்த களங்களில் ஒரே படைக்கு இரண்டு வகை போல்ட், இரண்டு வகை நட்டு, இரண்டு வகை ஸ்பானர் அனுப்ப வேண்டியிருந்தது.

பட்ட பிறகு புத்தி வந்தது. 1945இல் கனடாவின் ஒட்டாவாவில் மூன்று நாட்டவரும் கூடிப் பேசினார்கள். 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகள் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பிரித்தானியா தன் 55 பாகையை விட்டுக்கொடுத்து 60ஐ ஏற்றது. விட்வர்த்தின் கட்டுரையிலிருந்து எண்ணினால் 107 வருடங்கள்.

*

இதே காலத்தில் ஐரோப்பாவில் மில்லிமீற்றர் புரி வளர்ந்துகொண்டிருந்தது. 1898இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கூடியவர்கள் 60 பாகையையும் மில்லிமீற்றரையும் கொண்டு ஒரு முறையை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு 1947இல் சர்வதேச தர நிர்ணய நிறுவனமான ஐஎஸ்ஓ இயங்கத் தொடங்கியது. அதன் தொழில்நுட்பக் குழுக்களுக்கு வரிசை எண்கள் உண்டு. முதலாம் இலக்கக் குழு எதற்கென்று தெரியுமா? திருகுப் புரிக்கு. உலகம் ஒன்றாக உட்கார்ந்து தர நிர்ணயம் பேசிய மேசையில், ஒன்றாம் எண்ணைப் பெற்றது இந்தச் சின்ன ஆணி.

1965இல் பிரித்தானியத் தர நிறுவனமே, புதிய வேலைகளுக்கு விட்வர்த் புரியைப் பாவிக்காமல் விடுமாறு தொழிற்சாலைகளைக் கேட்டுக்கொண்டது.

ஆனாலும் விட்வர்த் போய்விடவில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் பைப் முனையைக் கழற்றிப் பாருங்கள். அதில் இருப்பது பிரித்தானியக் குழாய்ப் புரி. 55 பாகை, விட்வர்த் வடிவம். 'அரை இஞ்சி பைப்' என்று சொல்கிறோமே, அதன் புரியை அளந்தால் கிட்டத்தட்ட 21 மில்லிமீற்றர் வரும். அந்த அரை அங்குலம் பழைய இரும்புக் குழாயின் உள்வாய் அளவிலிருந்து வந்த பெயர். அங்குலத்துக்கு 14 புரி. மெட்ரிக்கும் அமெரிக்கனும் வந்து எத்தனையோ காலமாகியும், நாம் அதிகாலையில் வுழூச் செய்யத் திறக்கும் குழாயில் மென்செஸ்டர்க்காரரின் கோணம் இருக்கிறது.

*

நம் நாட்டின் நிலை இன்னும் சிக்கல். இலங்கையின் முதல் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது 1864 டிசம்பர் 27இல். செல்லர்ஸ் கட்டுரை வாசித்த அதே வருடம். வந்த இயந்திரங்கள் பிரித்தானிய இயந்திரங்கள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு பெல்பாஸ்ட்டிலிருந்து சிரொக்கோ உலர்த்திகள் வந்தன. மில் எஞ்சின்கள் வந்தன. எல்லாவற்றிலும் விட்வர்த். அதன் பிறகு வந்த டிராக்டர்களில் அமெரிக்கப் புரி. பிறகு ஜப்பான் மோட்டார் சைக்கிள்களும் வேன்களும், அவற்றில் மில்லிமீற்றர்.

ஆக, இங்கிலாந்தில் ஒரு மெக்கானிக் தன் வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த மூன்று காலங்களை, நம்மூர் கராஜில் நிற்கும் 17 வயதுப் பிள்ளை ஒரே நாளில் பார்க்கிறான். காலையில் மோட்டார் சைக்கிள், பகலில் டிராக்டர், பின்னேரம் மில் எஞ்சின். மூன்றுக்கும் அவன் கையில் இருப்பது ஒரே டப்பா போல்ட்.

பெயர்களும் அவனைக் குழப்புகின்றன. கராஜில் 'பத்து போல்ட்' என்றால் தலை 10 மில்லிமீற்றர். போல்ட்டின் உடல் 6. உடல் 10 மில்லிமீற்றர் என்று எடுத்தாலும் ஒன்றல்ல. சாதாரணப் புரியிடை 1.5, வாகனங்களில் பெரும்பாலும் 1.25. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை மற்றதற்குள் ஏற்றினால் மில்லில் நடந்ததுதான் நடக்கும். விட்வர்த் ஸ்பானரில் எழுதியிருப்பது போல்ட்டின் விட்டம். அமெரிக்க ஸ்பானரில் எழுதியிருப்பது தலையின் அகலம். இரண்டிலும் அரை அங்குலம் என்று எழுதியிருந்தாலும் வாய் ஒன்றல்ல.

பொருந்தாமல் இருக்கட்டும் என்றே செய்த புரிகளும் உண்டு. வெல்டிங் பட்டறையில் ஒட்சிசன் குழாயின் நட்டு வலம்புரி. அசற்றலீன் குழாயின் நட்டு இடம்புரி. ஒன்றை மற்றதில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. சைக்கிளின் இடப்பக்க மிதியும் இடம்புரிதான். 'இறுக்கமா இருக்கு' என்று வழமையான பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இதை யாராவது சொன்னார்களா?

*

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த எண்கள் இதுவரை யாரிடம் இருந்தன?

பெரிய தொழிற்சாலைகளில் புத்தகம் இருந்தது. 1914இல் நியூயோர்க்கில் முதல் பதிப்பு வந்த 'மெஷினரீஸ் ஹேண்ட்புக்' இன்றுவரை புதிது புதிதாக வருகிறது. தடித்த புத்தகம், ஆங்கிலம், நல்ல விலை. ஐஎஸ்ஓவின் தர ஆவணங்களையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் எண்கள் இருந்த இடம் பெரியவரின் தலைக்குள், அல்லது எண்ணெய் படிந்த ஒரு கொப்பிக்குள். எந்த டெப்புக்கு எந்த அளவு ட்ரில் என்று அதில் எழுதியிருக்கும். எத்தனையோ வருடம் வேலை பழகினாலும் அந்தக் கொப்பியைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டாத பட்டறைகள் உண்டு. அதைக் கற்றுக்கொண்டால் பிள்ளை போய்விடுவானோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விலையைக் கட்டுவது அந்தப் பிள்ளை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. புரி அளவுகளைத் தரும் இலவச மென்பொருட்கள் வந்துவிட்டன. அவற்றில் 'சுதந்திர மென்பொருள்' என்ற வகையை நான் விசேடமாகச் சொல்வேன். 1983இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடக்கி வைத்த சிந்தனை அது. காசில்லாமல் கிடைப்பது அதில் ஒரு பகுதி மட்டும். மென்பொருளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், தன் மொழிக்கு மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம்.

உதாரணத்துக்கு ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள். 2002இல் முதன்முதலாக வெளிவந்தது. அதில் ஒரு துளை வரையும்போது மெட்ரிக்கா, அமெரிக்கனா, விட்வர்த்தா, குழாய்ப் புரியா என்று தெரிவு செய்யலாம். அளவைச் சொன்னால் புரியிடை தானாக வரும். அந்த அட்டவணை அதன் மூல நிரலில் வெறும் எண்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. எவரும் வாசிக்கலாம். விட்வர்த் 1841இல் எல்லோர் முன்னும் வைத்த அட்டவணை எப்படியோ, இதுவும் அப்படித்தான்.

'இலவசமாகக் கிடைக்கும் எண்ணை நம்பலாமா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. 10 மில்லிமீற்றர் மெட்ரிக் போல்ட்டை எடுங்கள். புரியிடை 1.5. கோணம் 60 பாகை என்பதால் கூரான முக்கோணத்தின் உயரம் புரியிடையின் 0.866 மடங்கு. இது சமபக்க முக்கோணக் கணக்கு. மேலேயும் கீழேயும் எவ்வளவு தட்டையாக வெட்டுவது என்பது உடன்பாட்டில் வந்தது. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், நட்டின் உள்விட்டம் 10 இலிருந்து புரியிடையின் 1.0825 மடங்கைக் கழிக்க வருவது. அதாவது 8.376. டெப் போட முன் ட்ரில் பண்ண வேண்டிய துளைக்கு இன்னும் இலகுவான வழி உண்டு: விட்டத்திலிருந்து புரியிடையைக் கழியுங்கள். 10 இலிருந்து 1.5 போனால் 8.5. 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் புரியிடை 1.25, ட்ரில் 6.75, கடையில் கிடைப்பது 6.8. 6 மில்லிமீற்றருக்குப் புரியிடை 1, ட்ரில் 5.

கொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்த இரகசியம் இவ்வளவுதான். ஒரு கழித்தல் கணக்கு.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. அட்டவணையில் பிழை இருக்கலாம். தட்டச்சுப் பிழையும் பிழைதான். இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக், ஸ்டியரிங், காஸ் சிலிண்டர் போன்ற உயிரோடு விளையாடும் இடங்களில் உற்பத்தியாளரின் கைநூல் சொல்லும் பாகத்தையே போடுங்கள். எந்த மென்பொருளும் கையில் இருக்கும் போல்ட்டை அளந்து தராது. அதற்கு த்ரெட் கேஜ் வேண்டும்: பல் பல்லாக வெட்டிய மெல்லிய இலைகள் கொண்ட சின்னக் கருவி. இலையைப் புரியின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பொருந்துகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். அந்த மில் எஞ்சின் போல்ட்டுக்கு அப்படி ஒரு இலை வைத்துப் பார்க்க எடுத்திருக்கக்கூடிய நேரம் ஒரு நிமிடம்.

*

அந்த எஞ்சினுக்கு என்ன நடந்தது? துளையைப் பெரிதாக்கி, அதற்குள் புரி வெட்டிய புஷ் ஒன்றை இறக்கி, விட்வர்த் 12 புரியில் ஒரு போல்ட்டை லேத்தில் வெட்டிப் பூட்டினார்கள். எஞ்சின் இப்போது ஓடுகிறது.

சம்பளத்தைப் பற்றிப் பேச நான் முதலாளியிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன். என் கைத்தொலைபேசியில் 12ஐயும் 13ஐயும் காட்டி விளங்கப்படுத்தினேன். அவர் நெடுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சேர், முப்பது வருசமா இந்தத் தொழில் செய்றன். எத்தின போல்ட்ட இப்பிடி உடைச்சிருப்பன். எனக்கும் இத ஒருத்தரும் சொல்லித்தரல்லயே."

என் கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கராஜில் சம்பளம் வெட்டப்பட்ட பிள்ளைதான். அடுத்த மாதம் அவர் அந்தப் பணத்தைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்ததாக அறிந்தேன். அதைவிடப் பெரிய சந்தோசம், ஒரு த்ரெட் கேஜ் வாங்கி எல்லோரும் எடுக்கக்கூடிய இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.

நானும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து ஒரு பக்க அட்டவணை ஒன்று தமிழில் தயாரித்தோம். அதிகம் புழங்கும் மெட்ரிக், அமெரிக்கன், விட்வர்த் அளவுகள். ஒவ்வொன்றுக்கும் புரியிடை, ட்ரில் அளவு. அரை அங்குல வரியை மட்டும் சிவப்பு மையால் எழுதச் சொன்னான். எழுதினோம். லெமினேட் செய்து அந்தக் கராஜின் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: உங்கள் கராஜுக்கோ பட்டறைக்கோ அந்த அட்டவணை வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அனுப்புகிறேன், காசில்லை. பிரதி எடுத்து மற்றவர்களுக்கும் கொடுங்கள். எண்ணில் பிழை கண்டால் கட்டாயம் சொல்லுங்கள்; திருத்தி மீண்டும் அனுப்புவேன்.

இரண்டு: பழைய பாஸ்மாரிடம் எண்ணெய்க் கொப்பிகள் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள். நம்மூருக்கு எந்தக் காலத்தில் எந்த இயந்திரம் வந்தது என்ற வரலாறும் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்று: புரி, புரியிடை, டெப், டை, புஷ் என்று இவற்றுக்கெல்லாம் உங்கள் பட்டறையில் என்ன சொல் பாவிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இப்படியான சுதந்திர மென்பொருள் ஒன்றைத் தமிழாக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. சொற்களை அகராதியில் தேடுவதைவிட, கையில் எண்ணெய் பட்டவர்களிடம் கேட்பதுதான் சரி. விட்வர்த்தும் அப்படித்தான் செய்தார். பட்டறை பட்டறையாகச் சேகரித்த பிறகே அட்டவணை எழுதினார்.

அந்த மாணவன் இப்போது ஹார்ட்வெயார் கடைக்குப் போனால் "நாலு நூல் போல்ட்" என்று மட்டும் கேட்பதில்லையாம். "நாலு நூல், பன்ரெண்டா பதிமூண்டா?" என்று கேட்கிறானாம். கடைக்காரர் என்னை வீதியில் கண்டு முறையிட்டார்.

"சேர், உங்கட புள்ளைக்கு இனி போல்ட் விக்கிறது பெரிய கரச்சல்."

எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்களில் அதுவும் ஒன்று.